இருபத்து மூன்று நாக்குகளும் ஒரு கறுப்புப் புட்டியும்

1970-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் தேதி, புதன்கிழமை, முற்பகல் பதினொரு மணியளவில், கோரைமங்கலம் காவல் நிலையத்தில் கண்ணுசாமி தம் கையால் கொண்டுபோய் ஒப்படைத்த கறுப்புப் புட்டி ஒன்று, அவர் கையெழுத்திட்டு வெளியேறிய பிறகு, அவருடைய வயல் கொட்டகையில் கைப்பற்றப்பட்ட கள்ளச்சாராயமாக எழுதப்பட்டது. கண்ணுசாமியின் குற்றச்சாட்டு இதுவே. நிலையத்தார் அன்று அவருக்குக் கொடுத்த நகலில், 'கைப்பற்றிய இடம்' என்னும் கட்டம் வெறுமையாக இருக்கிறது. 'பொருள்' என்னும் கட்டத்தில் 'கறுப்புத் திரவம், புட்டி ஒன்று' என்று மட்டும் இருக்கிறது. நிலையத்தில் உள்ள மூலத்திலோ வெறுங்கட்டம் நிரம்பியிருக்கிறது. கறுப்புத் திரவத்தின் பக்கத்தில் 'அதாவது கள்ளச்சாராயம்' என்று வேறொரு மையில் இரண்டு சொற்கள் முளைத்திருக்கின்றன.

இரண்டு சொற்கள்தாமே என்று விட்டுவிட முடியாது. அவற்றின் மேல் ஆறு மா நிலம் நின்றது.

கண்ணுசாமி பண்ணையாளின் மகன். பள்ளிக்கூடத்துக்கு மூன்று மாதம் போனார். அதற்குள் மாடு மேய்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுத்தை அவர் கற்றது நீடாமங்கலம் ரயிலடியில். நெல் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போன காலத்தில், சாக்குகளின் மேல் அச்சுத்தகடு வைத்து எழுதிய ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். பிறகு பலகைகள், தேர்தல் நோட்டீசுகள், பேருந்துச் சீட்டின் பின்புற விதிகள். இருபத்தைந்து வயதில் ஊருக்கே மனு எழுதிக் கொடுப்பவரானார். காலரா ஊசி போட்ட சீட்டிலிருந்து கைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் அவர் எறிந்ததில்லை. நீளமான கம்பியில் குத்தி, கூரையின் வாரையில் தொங்கவிட்டிருந்தார். அவர் மனைவி செவ்வந்தி ஊராரிடம் சொல்வாள்: "இந்த மனுசன் போனா எரிக்க வெறகு வாங்க வேண்டாம். காயிதமே காணும்."

மிராசுதார் வைத்தியலிங்கத்தின் நிலத்தில், வாய்க்காலின் கடைமடையில், ஆறு மா உப்புப் பூத்துக் கிடந்தது. 1958 கோடையில் அதை வாய்ச்சொல்லாகவே கண்ணுசாமிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நான்கு வருடம் தழையுரத்துக்குக் கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுது, ஐந்தாம் வருடம் மேல்மடை நிலத்துக்கு ஈடாக விளைய வைத்தார். அப்படிச் சில வருடம் விளைந்த பிறகுதான் மிராசுதாருக்கு அந்த நிலத்தின் ஞாபகம் வந்தது. நல்ல வேளையாக, குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்போதுதான் வந்திருந்தது. வருடாவருடம் கணக்குப்பிள்ளையிடம் வாங்கி வைத்திருந்த, பயிரிட்டவர் யார் என்று காட்டும் அடங்கல் நகல்களை இணைத்து, கண்ணுசாமி முதல் ஆளாக மனுப் போட்டார். பெயர் ஏறிவிட்டால் அவரை யாரும் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால், தை அறுவடையோடு வரப்பை விட்டு இறங்க வேண்டியதுதான்.

இந்தச் சமயத்தில்தான் தீபாவளிக்கு மருதையன் வந்து சேர்ந்தான். செவ்வந்தியின் தம்பி, சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை எண்ணெய்க்காரன். அக்காளுக்கு ஒரு பூப்போட்ட குடை கொண்டுவந்தான். அத்தானுக்கு இத்தாலி நாட்டுத் துறைமுகத்தில் வாங்கிய ஒரு புட்டி. அதில் ஒட்டியிருந்த சீட்டு முழுக்கப் பொடி எழுத்து. இரண்டு பக்கமும் பதக்கப் படங்கள். வெயிலில் பிடித்தால்கூட மறுபக்கம் தெரியாத கறுப்பு.

"என்ன மாப்ளே, கீலெண்ணெயா?"

"குடிச்சுப் பாருங்க மாமா. அங்க சோறு தின்ன கையோட இதுல ஒரு வாய் ஊத்திக்குவாங்க, நம்ம வெத்தல போடுற மாதிரி. எங்க கப்பல்ல பாதிப் பேரு இதுக்கு உசிர விடுவான். பாதிப் பேரு மோந்தாலே ஓடுவான்."

"பாதின்னா? எண்ணிப் பாத்தியா?"

"இத யாரு மாமா எண்ணுவா!"

அன்றைக்குக் கறியும் அதிரசமுமாக எல்லார் வயிறும் மந்தித்துக் கிடந்தது. பிள்ளைக்கு மருந்து புகட்டும் சங்கில் ஊற்றி முதலில் செவ்வந்தி குடித்தாள். அடுத்த நொடி வாசலுக்கு ஓடினாள்.

"அய்யய்ய! வேப்பங்கொட்டைய வெல்லப்பாகுல ஊறப்போட்டானா ஒன் வெள்ளக்காரன்? இதுக்காடா கப்பலேறிப் போன?"

கண்ணுசாமி அவசரப்படவில்லை. முதலில் பனங்கற்கண்டின் இனிப்பு வந்தது. அதன் பின்னால் நாரத்தைத் தோலின் மணம். இவ்வளவுதானா என்று விழுங்கும்போது, நாக்கின் அடியிலிருந்து நிலவேம்பு எழுந்தது. அது தொண்டையில் இறங்கியது. பிறகு திரும்பி ஏறி வந்தது. ஒரு நாழிகை கழித்தும் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. பிடித்திருக்கிறதா என்று மருதையன் கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று நாள் தொடர்ந்து குடித்துப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. தம் நாக்கைப் பற்றித் தமக்கே தெரியாத ஒரு சங்கதி இருப்பது அவருக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

எனவே எண்ணத் தொடங்கினார். முழுத்தாள் ஒன்றில் கோடு போட்டு, வரிசை எண், பெயர், முகம் போன போக்கு, சொன்ன சொல் என்று நான்கு பத்தி பிரித்தார். ஆளுக்கு ஒரு சங்கு. அதற்கு மேல் தருவதில்லை. ஒன்பது நாளில் இருபத்து மூன்று பேர் குடித்தார்கள். பதினொரு பேர் துப்பினார்கள், அல்லது துப்ப இடம் தேடினார்கள். எட்டுப் பேர் இன்னொரு சங்கு கேட்டார்கள். மூன்று பேர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்கள். மீதி ஒருவர் கண்ணுசாமி.

இதில் அவர் போட்டுவைத்த ஊகம் எதுவும் தேறவில்லை. பாகற்காய்ப் பிரியர்களுக்குப் பிடிக்கும் என்று எழுதி வைத்திருந்தார். வாரம் நான்கு நாள் பாகற்காய் தின்னும் பஞ்சநதம் வாய்க்கால் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்பளித்தான். இனிப்பு தவிர எதையும் தொடாத அம்சவல்லி சங்கை விரலால் வழித்து நக்கினாள். வயது, சாதி, நாற்று நடுகிறவர், நடச் சொல்லுகிறவர் என்று எப்படிப் பிரித்தும் கோடு நேராக விழவில்லை. செங்கொடிச் சங்கத்துத் தலைவரும் கழகத்துக் கிளைச் செயலாளரும் பத்து வருடமாக ஒன்றில்கூட ஒத்துப்போனதில்லை. அன்று இருவரும் ஒரே வேலியோரத்தில் ஒருசேரத் துப்பினார்கள்.

பதினேழாம் ஆளாகக் குடித்தவர் மிராசுதாரின் காரியஸ்தர் குஞ்சிதபாதம். பயிர் பார்க்க வந்தவர், மதகடியில் கூட்டத்தைக் கண்டு நின்றார்.

"என்னடா கண்ணுசாமி, பஞ்சாயத்தா?"

"ருசி பாக்குறோமுங்கய்யா. இத்தாலிச் சரக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கிறதாம்."

குஞ்சிதபாதம் சங்கைத் தொடவில்லை. தம் வெற்றிலைப் பெட்டியின் மூடியைத் திறந்து நீட்டினார். கண்ணுசாமி எட்ட நின்று ஊற்றினார். காரியஸ்தர் கண்ணை மூடிக் குடித்தார். வெகு நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"எங்க வீட்டு லேகியத்தையும் இதையும் பக்கத்துல வச்சா, லேகியம் எழுந்து போயிடும்டா. இன்னும் கொஞ்சம் ஊத்து."

"ஆளுக்கு ஒரு தரந்தானுங்க."

"நான் ஆளாடா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் மூடி கொடுக்கப்பட்டது. அதுவும் தாளில் ஏறியது.

தகராறு அதன் பிறகே வந்தது. பிடிக்காதவர்கள் அத்தனை பேரும் இது மருந்து என்றார்கள். பிடித்தவர்கள் அத்தனை பேரும் இது சாராயம் என்றார்கள். கண்ணுசாமிக்குத் தூக்கம் போயிற்று. மருந்தானால் கவலையில்லை. சாராயமானால் மதுவிலக்கு அமலில் இருக்கிறது. பதிவு விசாரணை நெருங்குகிறது. சீட்டில் இருந்த எழுத்துகளை ஒன்றுவிடாமல் படம் போல வரைந்துகொண்டு, இத்தாலி மொழி தெரிந்த ஒரு பங்குச் சாமியாரைத் தேடி நாகப்பட்டினம் போனார். சாமியார் படித்துவிட்டுச் சிரித்தார். "வேர், பட்டை, பூவுன்னு முப்பது சாமான் போட்டிருக்கான்ப்பா. செரிமானத்துக்கு நல்லதுன்னும் எழுதியிருக்கான். ஆனா, சாராயத்துலதான் ஊறப்போட்டிருக்கான்."

ஆக, அது இரண்டும்தான். இரண்டாகவும் இருக்கும் ஒரு பொருளை வைத்திருக்கலாமா கூடாதா என்பதை யாரிடம் கேட்பது? சட்டத்தை அமல் செய்பவர்களிடம்தான் என்று கண்ணுசாமி முடிவு செய்தார்.

"போலீசுகிட்டயே போயி, இது தப்பா சாமின்னு யாராச்சும் கேப்பாங்களா?" என்று செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "வாய்க்கால்ல கொட்டிட்டுப் போவியா!"

"கொட்டிட்டா கேள்வி அப்படியே நின்னுடும்ல?" என்றார் அவர்.

நிலையத்தில் எழுத்தராக இருந்த ஏட்டு, பாதிக்கு மேல் காலியாகியிருந்த புட்டியை ஆட்டிப் பார்த்தார். கண்ணுசாமி ரசீது கேட்டார்.

"ரசீதுக்கெல்லாம் இங்க பாரம் ஏதுய்யா? கைப்பற்றுதல் பாரம் ஒண்ணுதான் இருக்கு. அதுல போட்டுத் தரேன். கையெழுத்துப் போடு, நகல் எடுத்துக்க."

அச்சடித்த தாள், அரசு முத்திரை, எண், தேதி. அதைப் பார்த்த சந்தோஷத்தில், ஆயிரம் மனு எழுதிய கண்ணுசாமி, காலிக் கட்டம் இருந்த தாளின் அடியில் கையெழுத்திட்டார். ஊராருக்கு அவர் சொல்லும் முதல் எச்சரிக்கையே காலிக் கட்டத்தின் கீழ் கையெழுத்துப் போடாதே என்பதுதான். தம் வாழ்நாளில் செய்த பிழை என்று அவர் ஒப்புக்கொள்வது இந்த ஒன்றை மட்டுமே.

1971 மார்ச்சில் நடந்த முதல் விசாரணையில் குஞ்சிதபாதம் ஆட்சேபம் தாக்கல் செய்தார். குத்தகை நிலத்தில் சாராயம் காய்ச்சியவருக்குக் குத்தகை உரிமை கூடாது என்பது வாதம். கூடவே நிலையத்து மூலத்தின் சான்றிட்ட நகல். அதில்தான் கண்ணுசாமி முதன்முதலாக அந்த இரண்டு சொற்களைக் கண்டார். நிலையத்துக்கு ஓடினார். புட்டி ரசாயனப் பரிசோதனைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வழக்குப் பதிவு செய்யவில்லை. ஆகவே, குற்றவாளி இல்லை என்று சொல்ல ஒரு நீதிமன்றமும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகஸ்டு கடைசியில் மதுவிலக்கே ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி போனபோது ஏட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"யோவ், ஊருக்கு ஊரு கடையே தொறந்தாச்சு. நீ இன்னும் அந்தக் கசப்புப் புட்டியத் தூக்கிக்கிட்டுத் திரியிற!"

"கடை தொறந்துட்டாங்க ஐயா. கட்டத்தைத் திருத்தலியே?"

அக்டோபர் 13-ஆம் தேதி இரண்டாம் விசாரணை. பதிவு அலுவலரான தாசில்தார் நிதானமான மனிதர். இரண்டு நகல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்க நகல்ல கட்டம் காலியாத்தான் இருக்கு. அது போதாது. புட்டி வெளிநாட்டுதுன்னு, நிலையத்துக்குப் போறதுக்கு முன்னாடியே பாத்தவங்க யாராவது உண்டா?"

கண்ணுசாமியின் மடியில் இருந்த பையில் அந்த முழுத்தாள் இருந்தது. இருபத்து மூன்று பெயர். பதினேழாம் வரியில்: குஞ்சிதபாதம், கண் மூடியது மூடியபடி, 'இன்னும் கொஞ்சம் ஊத்து'. அதை நீட்டினால் ஆட்சேபம் அந்த நிமிடமே பிசுபிசுத்துப் போகும். ஆனால் தாளின் தலைப்பில் அவரே அழகாகத் தேதி எழுதியிருந்தார்: 1970 நவம்பர். மதுவிலக்குக் காலம். அரசுக் கோப்பில் அது ஒருமுறை ஏறினால், அம்சவல்லியும் பஞ்சநதமும் மற்றவர்களும் சாராயம் குடித்தவர்களாக என்றென்றைக்கும் எழுதப்பட்டுவிடுவார்கள். எழுதப்பட்டது எளிதில் அழியாது என்பதை அவரை விட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை.

எதிரே குஞ்சிதபாதம் அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாட்சி இல்லீங்க," என்றார் கண்ணுசாமி.

"அப்படின்னா நிலையத்துலேர்ந்து எழுத்துல விளக்கம் வாங்கிட்டு வாங்க. நவம்பர் பன்னண்டாம் தேதி உத்தரவு போட்டுடுவேன்."

மறுநாள் காலை காரியஸ்தர் வரப்பில் நின்றார். 'டா' காணாமல் போயிருந்தது.

"ஏம்ப்பா கண்ணுசாமி, அந்தக் காகிதத்த வச்சிருக்கியோ?"

"எந்தக் காயிதத்த நான் தூக்கிப் போட்டிருக்கேன்?"

"என் பேர மட்டும் அடிச்சுடு. இல்ல, மொத்தத்தையும் கொளுத்திடு. ஆட்சேபத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன். மிராசுதார்கிட்ட நான் பேசிக்கறேன்."

"வாபஸுன்னு இப்பவே எழுதிக் கொடுத்துடுங்க."

"வாய்ச்சொல் போதாதா?"

"குத்தகைய வாய்ச்சொல்லாத்தானே குடுத்தீங்க."

குஞ்சிதபாதம் எழுதிக் கொடுப்பவராக இல்லை. போகத் திரும்பியவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒங்க மச்சான் மறுபடி எப்ப வரான்? அந்தக் கசப்பு அப்புறம் எனக்கு எங்கயும் கெடைக்கல."

பதினேழாம் வரியில் எழுதிக்கொள்ள வேண்டிய சங்கதி என்று கண்ணுசாமி நினைத்துக்கொண்டார்.

16-ஆம் தேதி, கோரைமங்கலம் காவல் நிலையத்துக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன், ஒரு மனு போயிற்று. இணைப்பு ஒன்றே ஒன்று: காலிக் கட்டம் உள்ள நகலின் பிரதி. இருபத்து மூன்று பேர் கம்பியிலேயே தொங்கினார்கள். மனுவின் கடைசிப் பத்தி பின்வருமாறு:

"மேற்படி புட்டியை நானே கொண்டுவந்து ஒப்படைத்தேனா, அல்லது என் கொட்டகையில் கைப்பற்றினீர்களா, கைப்பற்றியிருந்தால் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவர் முன்னிலையில், 'அதாவது கள்ளச்சாராயம்' என்னும் சொற்களை எழுதியவர் யார், எழுதிய நாள் எது, ரசாயனப் பரிசோதனையின் முடிவு என்ன, புட்டி இப்போது எங்கே இருக்கிறது. ஆறு மா நிலத்தின் உத்தரவு நவம்பர் 12-ஆம் தேதி என்பதால், இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் இம்மனு கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், தேதியும் கையெழுத்தும் முத்திரையும் இட்டு, கட்டம் எதையும் காலியாக விடாமல், எழுத்து மூலம் பதில் தருமாறு கோருகிறேன். வாய்மொழிப் பதில் ஏற்கப்படாது."