ஏசி அறையில் குடியிருப்பவர்கள்

ஏசியின் தூசி வலையைக் கழற்றிக் குழாயடியில் கழுவுவது எஸ்றாவின் வேலை. சனிக்கிழமை காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய டூத் பிரஷால் கட்டம் கட்டமாகத் தேய்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் கழுவிய ஒரே பொருள் அதுதான். மனைவி சாலோமி இதை யாரிடமும் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வதில்லை. கேட்டால் மட்டும் சொல்வாள்.

பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்கு ஒரே ஏசி. அம்மாவுக்கு வேர்க்குரு தாங்கவில்லை என்று, பிரான்சில் வேலை பார்க்கும் மகள் கெசியா மாட்டச் சொன்னது. மாட்டிய அறையில் இப்போது ஷாம்பேன் பாட்டில்கள் படுத்திருக்கின்றன. கெசியா ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு கொண்டுவருவாள். அப்பா அவற்றைக் குடிக்கமாட்டார், பழசாக்குவார். அந்த அறையில் ஆள் படுத்தால் மூச்சுச் சூடு ஏறிவிடுமாம். அதனால் சாலோமி ஹாலில் ஃபேனுக்குக் கீழே படுக்கிறாள். எஸ்றாவும் அங்கேதான். அதைத் தியாகம் என்று அவர் நினைக்கிறார்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய கம்பெனி ஷாம்பேனை மதிப்பதில்லை. "அது ரேஷன் அரிசி மாதிரி. ஊர்ப்பட்ட தோட்டத்துப் பழத்தையும் அள்ளிப்போட்டுக் கலக்குதான். இது நாலு ஏக்கர்க்காரன் சரக்கு. தானே வெளைய வச்சு, தானே பிழிஞ்சு, தானே அடைக்கான்."

அந்த நாலு ஏக்கர்க்காரரின் பெயர் ழான். எஸ்றா அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் சொந்த ஊரான சீவலப்பேரியில் அடுத்த வயல்காரரைச் சொல்வதுபோல "நம்ம ழான் அண்ணாச்சி" என்பார். குடும்ப ஜெபத்தில், ழான் அண்ணாச்சியின் திராட்சைக் கொடிகளைப் பனிக்கும் பூச்சிக்கும் விலக்கிக் காக்கும்படி ஆண்டவரை மன்றாடுவார். சாலோமியின் வேர்க்குரு அந்த ஜெபத்தில் இதுவரை இடம்பெறவில்லை. அவள் கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் பரணியில் போடும் திராட்சை ஒயினைச் சபையார் கேட்டு வாங்கிப் போகிறார்கள். எஸ்றா அதை சர்பத் என்பார்.

பக்கத்து வீட்டுக் காந்திமதிநாதன் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"ஏசி ஓடுதே, உள்ள யாரு வே இருக்கா?"

"பாட்டிலு."

"அப்ப மதினி?"

"ஹால்ல ஃபேன் இருக்குல்லா."

"பேசாம நானும் பாட்டிலாப் பெறந்திருக்கலாம் வே."

இந்தச் சித்திரையில் சாலோமிக்குக் கழுத்தெல்லாம் புண்ணாகிவிட்டது. அந்த அறையை எனக்கு விடுங்கள் என்று முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டாள். எஸ்றா யோசித்தார். போன ஞாயிறு கல்யாண நாள். ஆராதனை முடிந்து வந்ததும், இருப்பதில் மூத்த பாட்டிலைத் தொட்டில் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார்.

"ஒரு வாய் குடிச்சுப் பாரு. அப்புறம் நீயே, 'அதுக அங்கனயே கெடக்கட்டும்'னு சொல்லுவ."

தக்கை சத்தமில்லாமல் ஒரு பெருமூச்சு விட்டது. முற்றிய தேன் நிறம். கடுகைவிடப் பொடியான குமிழிகள் நூல் பிடித்தாற்போல் எழுந்தன. சாலோமி ஒரு மடக்குக் குடித்தாள். முதலில் பேக்கரியில் அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது வருமே, அந்த மணம். பின்னால் வறுத்த முந்திரி. விழுங்கிய பிறகும் ஒரு புளிப்பு நாக்கின் ஓரத்தில் நின்றுகொண்டு அடுத்த மடக்கைக் கேட்டது. பாவி மனுஷன் சொன்னது அத்தனையும் நிஜம்.

அதுதான் சிக்கல். நன்றாயிருக்கிறது என்றால் அறை ஆயுசுக்கும் பாட்டில்களுக்கு. இல்லை என்றால், இவளுக்கு நாக்கே கிடையாது என்று சபை முழுக்கச் சொல்லுவார். அதோடு, அது பொய்யும் ஆகும்.

"எப்படி இருக்கு?"

பரீட்சை முடிவு பார்க்க வந்தவரைப்போல எஸ்றா முன்னால் குனிந்திருந்தார். சாலோமி கிளாஸை நீட்டினாள். ஊற்றினார்.

"ரொட்டி வாசம் வருதுல்லா? பைய, நாக்குல நிறுத்திக் குடிக்கணும். ஏளா, வாயத் தொறந்து சொல்லேன். நல்லாருக்கா, இல்லையா?"

சாலோமி எழுந்தாள். அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டாள். தலையணையை அக்குளில் இடுக்கி, கிளாஸ் தளும்பாமல் நடந்து, ஏசி அறைக்குள் போய்க் காலாலேயே கதவைச் சாத்தினாள்.