ஏழாம் நம்பர் தண்ணீர்

ஆரோக்கியசெல்விக்கு நாற்பத்தொரு வயது. திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. அந்தக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் கேஸ் சிலிண்டர் போடுகிறவர். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தத்தம் வீட்டாரோடு நின்று பேசும்போது, செருப்பைத் தேடுகிற சாக்கில் இவள் கொஞ்ச நேரத்தைக் கழிப்பாள்.

அவளுடைய ஆய்வு மல்லாட்டை என்கிற நிலக்கடலைத் தோலில் இருந்தது. தோலைப் பொடித்து, தண்ணீரோடு எஃகுக் கலனில் இறுக மூடி, மின் உலையில் ஆறு மணி நேரம் வைத்தால் கஷாயம்போல் ஒரு பழுப்பு நீர் வரும். வடிகட்டி, புறஊதா விளக்கின் கீழ் பிடித்தால் நீலமாக ஒளிரும். கண்ணுக்கு எட்டாத கரித் துகள்களின் வேலை அது. இரும்பு கலந்த தண்ணீரை அதில் விட்டால் ஒளி மங்கும். எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு இரும்பு.

மாதம் ஒரு ஞாயிறு மதியம், விழுப்புரத்தில் பஸ் மாறி மண்டகப்பட்டுக்குப் போய்ப் பத்து வீட்டு போர் தண்ணீரை எடுத்து வருவாள். ஏழாம் நம்பர் வெள்ளையம்மாள் வீடு. முக்கால் ஏக்கர் மல்லாட்டை வைத்திருக்கும் ஒண்டிக்கட்டை. தோல் கொடுப்பவரும் அவர்தான். செல்வி போகும் முன்பே பாட்டில் நிரம்பி, மூடி துடைத்துத் தயாராக இருக்கும். கேப்பைக் கூழும் இருக்கும்.

“உக்காந்து குடி டீச்சரு. பஸ்ஸு ஒன்னும் உன்ன காணோமின்னு அழுவப் போறதில்ல.”

செல்வியை அதட்ட உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

ஒன்பது வீட்டுத் தண்ணீரும் ஒளியை மங்கச் செய்தன. ஏழு மட்டும் எட்டு மாதமும் துளிகூட மங்கவில்லை. அடியில் பாறை, அந்த ஊற்றே தனி என்று ஒரு அத்தியாயமே எழுதிவிட்டாள். ஆய்வேடு நிற்பதே அதன் மேல்தான். இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. மார்ச்சுக்குள் கொடுக்காவிட்டால் ஆய்வுப் பதிவே போய்விடும்.

அதனால் கடைசி மாதிரிக்கு ஞாயிறுவரை காத்திராமல் வெள்ளியன்றே போய் நின்றாள். வெள்ளையம்மாள் பதறினார்.

“சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறியே. கேன் தண்ணி போடறவன் நாளைக்குத்தான வருவான்.”

“கேன் எதுக்குங்க? எனக்கு போர் தண்ணிதான வேணும்.”

“நல்லா கேட்ட போ. பொண்ணு பாக்க வரச்சொல்ல கிழிஞ்ச பொடவையா கட்டி நிறுத்துவாங்க? நம்ம ஊட்டுத் தண்ணி காலேஜுக்குப் போவுது, நாலு பேரு பாப்பாங்க. அதான் கேன் வாங்கி ரொப்பிக்கினு இருந்தேன்.”

“எட்டு மாசமுமா?”

“ஒரு வாட்டி தவறல.” அவர் முகத்தில் பெருமை.

செல்வி கேட்டாள்: “நீங்க எதக் குடிக்கிறீங்க?”

“நானு போர் தண்ணிதான். என்ன யாரு பாக்கப் போறாங்க.”

செல்வி மோட்டாரைப் போட்டுத் தானே பாட்டிலைப் பிடித்தாள்.

மறுநாள் விளக்கின் கீழ் ஏழாம் நம்பர் மற்ற ஒன்பதையும்விட அதிகமாக ஒளியை மங்கச் செய்தது. கேன் சங்கதி தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செல்வி; அவள் நினைத்தால் வாய் திறக்காமல் இருந்துவிடலாம். மற்றவருக்கு அது தப்பென்றே தெரியாது. ஆனால் அச்சாகிற பக்கத்தில் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருந்துவிடும். அந்த அம்மாளும் அதையே குடித்துக்கொண்டிருப்பார்.

அத்தியாயத்தை அழித்தாள். ஆய்வு நெறியாளருக்கு உண்மையை எழுதினாள். ஞாயிறு பூசைக்குப் போகாமல் மண்டகப்பட்டுக்குப் பஸ் ஏறினாள்.

“இனிமே கேன் தண்ணியக் குடிங்க. போர்ல இரும்பு ஜாஸ்தி.”

“அப்ப நம்ம தண்ணி பெயிலா?”

“பெயிலுங்க.”

“நீ?”

“நானும்தான்.”

வெள்ளையம்மாள் கூழைக் கரைத்து முடித்தார். பிறகு கேட்டார்: “அப்ப நீ இனிமே வர மாட்ட.”

வரக் காரணம் எதுவும் மிச்சமில்லை. செல்வி எழுந்து மோட்டாரைப் போட்டாள். பாட்டிலை நிரப்பினாள். இனி எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அந்தத் தண்ணீர்ப் பாட்டிலின் மேல் ஏழு என்று எழுதி, தேதி போட்டாள்.