சுவிச்சை அணைத்தால் எரியும் விளக்குகள்

வேலை நடந்த அன்று அங்கே இருந்தவர்கள் நானும் மூதூரிலிருந்து பஸ்ஸில் வரும் என் கூட்டாளியும். இருவரும் வயரிங் வேலை பழகுகிறவர்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு, காவலுக்கு நிற்கும் கிண்ணியா ஊர் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, அவரும் வந்து சேர்ந்தார். இல்லாதவர் எங்களுக்கு வேலை பழக்கும் பாஸ். பழகுகிறவர்களைத் தனியே விட்டு வேலை செய்விக்கக் கூடாது என்று ஒழுங்கு இருக்கிறது. ஆனால் கந்தளாயில் பாஸின் மனைவியின் தங்கச்சிக்குக் கலியாணம். பந்தலுக்கு லைற் பூட்ட அவரை விட்டால் ஆள் இல்லை என்று அவரே சொன்னார். போகும்போது, 'என் முன்னிலையில் வேலை நடந்தது' என்ற பத்திரத்தில் முன்கூட்டியே கையெழுத்தும் வைத்துவிட்டுப் போனார்.

இடம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் கொம்பனியில் மீனைப் பொதி கட்டும் அறை. குளிர் வெளியே போகக் கூடாதென்று யன்னலே வைக்காமல் கட்டியது. கறண்ட் போனால் பட்டப்பகலிலும் சொந்தக் கை தெரியாது. அதனால் வாசல்களுக்கு மேலே அவசர விளக்கு ஆறு பூட்டச் சொல்லிப் பாதுகாப்பு அதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார். கறண்ட் இருக்கும் மட்டும் உள்ளே இருக்கும் பற்றரி சார்ஜ் ஏறும், கறண்ட் நின்றால் விளக்கு தானாக எரியும். கொம்பனிக்கு வேண்டியது லைசன்ஸ். எனக்கு வேண்டியது என் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பாஸின் கையெழுத்து. அது இல்லாமல் சேர்ட்டிபிக்கற் சோதனைக்கு இருக்க ஏலாது. "அதிகாரி ஓம் எண்டு சொல்லட்டும், அண்டைக்கே வைக்கிறன்" என்று பாஸ் சொல்லியிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இறக்கக்கண்டியில் எங்கள் வீட்டுக்கு அச்சடித்த தாள் எது வந்தாலும் வாப்பா அதை என் கையில்தான் தருவார். தண்ணீர் பில், மருந்துப் பெட்டி, கலியாணக் காட், எல்லாம். அந்தப் பழக்கத்தில் விளக்குப் பெட்டிக்குள் இருந்த இங்கிலீசுத் தாளையும் நின்ற நிலையில் வாசிக்கத் தொடங்கினேன். 'எப்படிச் சோதிப்பது' என்ற பக்கத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கூட்டாளி ஏணியைப் பிடித்தபடி நின்றான்.

"மச்சான், நீ வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அங்க பொண்ணு மாப்பிள்ளைக்குப் பிள்ளை பிறந்திடும்."

'எப்படி வயர் இழுப்பது' என்ற பக்கத்தை நான் வாசிக்கவில்லை. அது வயரிங் தெரியாதவர்களுக்கு எழுதியது என்று நினைத்துப் புரட்டிவிட்டேன்.

கறண்டை எங்கிருந்து எடுப்பது என்று பாஸிடம் போனில் கேட்டோம். பின்னால் ஒரே பாட்டுச் சத்தம். "பக்கத்தில இருக்கிற லைற்றில இருந்து எடுங்க. இங்க சாப்பாடு போடுறாங்க" என்றார். கூரையில் இருந்த ரியூப் லைற் வயரிலிருந்து எடுத்தோம். ஆறையும் பூட்டி முடித்து, தாளில் இருந்தபடி கறண்டை நிறுத்திச் சோதித்தோம். அதாவது, சுவரில் இருந்த சுவிச்சை அணைத்தேன். ஆறும் பளிச்சென்று எரிந்தன. ஏழு தரம் அணைத்தேன், ஏழு தரமும் எரிந்தன. ஒவ்வொன்றையும் நேரம் போட்டுக் கொப்பியில் எழுதினேன். கூட்டாளி விளக்குக்குக் கீழே என்னை நிற்பாட்டிப் படம் எடுத்துப் பாஸுக்கு அனுப்பினான்.

"காக்கா, இந்த விளக்கில ஒருத்தரும் கை வைக்க விடாதீங்க" என்றேன்.

"நான் ஏன் தம்பி வைக்கப் போறன்? வேலை முடிஞ்சா எல்லாச் சுவிச்சையும் அணைக்கிறது மட்டுந்தான் எனக்கு."

அதில் அவர் கெட்டிக்காரர். கறண்ட் பில்லைக் குறைத்ததற்காக மனேஜர் அவருக்கு உடுக்க ஒரு சறம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ஒரு கிழமை கழித்து அதிகாரி காலை எட்டரைக்கே வந்துவிட்டார். மனேஜர் காலில் புதுச் சப்பாத்தோடு நின்றார். பாஸ் கலியாணச் சட்டையோடு நின்றார். காக்காவும் இரவுக் காவல் முடித்து வீட்டுக்குப் போகாமல் பார்க்க நின்றார். நான் கொப்பியை நீட்டினேன். அதிகாரி முழுவதும் வாசித்தார்.

"இவ்வளவு ஒழுங்கா எழுதின ஆள நான் இன்னும் காணல்ல."

பாஸ் என் தோளில் கை போட்டார். பயிற்சிப் புத்தகம் என் பையில்தான் இருந்தது. பேனையும் இருந்தது.

அதிகாரி சுவர் சுவிச்சின் பக்கம் போகவில்லை. நேரே கட்டிடம் முழுவதுக்கும் கறண்ட் வரும் மெயின் போட்டுக்குப் போய்ப் பெரிய சுவிச்சை இறக்கினார்.

ஆறில் ஒரு விளக்கு மட்டும் மினுங்கிப் பார்த்துவிட்டு அணைந்தது. மற்ற ஐந்தும் அதைக்கூடச் செய்யவில்லை. இருட்டில் ஒரு காலடி கேட்டது, பிறகு தண்ணீர்ச் சத்தம். மனேஜர் மெதுவாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

"ஆராவது சுவிச்சப் போடுங்க" என்றார் பாஸ்.

"போட்டுத்தான் கிடக்கு பாஸ்" என்றான் கூட்டாளி.

அப்போது காக்காவின் குரல், மிகவும் நிதானமாக: "போட்டா எரியாது சேர். அணைச்சாத்தான் எரியும். நான் ஒவ்வொரு நாளும் அந்திக்கு அணைக்கிற. அந்த வெளிச்சத்தில முழுப் பேப்பரும் வாசிச்சிருவன். ஒம்பது மணி வரைக்கும் நல்லா நிக்கும். நல்ல சாமான்."

அந்த இருட்டிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நான் வயரை எடுத்தது சுவிச்சுக்குப் பிறகு வருகிற பக்கத்தில். காக்கா சுவிச்சை அணைக்கிற ஒவ்வொரு நாளும், கறண்ட் போய்விட்டது என்று நினைத்து ஆறு விளக்கும் பற்றரி தீரும் மட்டும் எரிந்திருக்கின்றன. காலையில் சுவிச்சைப் போட்டு அரை மணி நேரமும் ஆகாத எட்டரைக்கு அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை. சரியாகப் பூட்டியிருந்தால் என்னுடைய சோதனையில் ஒரு விளக்கும் எரிந்திருக்காது. ஏழு தரமும் நான் நேரம் போட்டு எழுதி வைத்தது என் பிழையைத்தான்.

கூட்டாளி போன் வெளிச்சத்தைப் போட்டான். மனேஜரின் ஒரு கால் கணவாய் மீன் போட்டிருந்த ஐஸ் தொட்டிக்குள் நின்றது.

"பூட்டினது ஆர்?" என்றார் அதிகாரி.

பாஸ் கூரையைப் பார்த்தார்.

"நான்தான் சேர்" என்றேன்.

"அப்ப நீங்க எங்க நிண்டனீங்க?" என்று பாஸைக் கேட்டார்.

"நான்... மேற்பார்வை."

"கலியாண வீட்டில நிண்டவர் சேர்" என்று காக்கா உதவி செய்தார்.

அதிகாரி, பாஸ் கையெழுத்து வைத்த பத்திரத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். இரண்டு கிழமைத் தவணை தந்தார். வயரைச் சுவிச்சுக்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும், எடுத்து முடியும் மட்டும் ஏணியைப் பாஸ்தான் பிடிக்க வேண்டும் என்றார். பாஸ் பிடித்தார். அவர் பிடித்த ஏணி நன்றாக ஆடியது. இரண்டாம் தரம் மெயினை இறக்கியபோது ஆறு விளக்கும் எரிந்தன. அதிகாரி என் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, "முதல்ல இந்தப் பிழைய எழுதும், அதுக்குக் கீழ அவர் கையெழுத்து வைக்கட்டும்" என்றார். முழுப் பக்கம் எழுதினேன். பாஸின் கையெழுத்துக்கு மூலையில் கொஞ்சம் இடம்தான் கிடைத்தது.

காக்காவுக்கு மட்டும் மனக்குறை. சுவிச்சை அணைத்தால் இப்போது எல்லாமே அணைந்து போகிறது, நல்லா இருந்த சாமானைப் பழுதாக்கிவிட்டோம் என்றார். அதனால் அவருக்கு ஒரு மேசை விளக்கும் வாங்க வேண்டியதாயிற்று. நாளும் தீர்ந்து தீர்ந்து பழுதானதற்குப் பதிலாகப் புதுப் பற்றரி ஆறு, வயர் ஒரு சுருள், மனேஜரின் சப்பாத்து, அந்த மேசை விளக்கு. பாதி பாஸ், மிச்சம் நாங்கள் இருவரும். எல்லாமாக முப்பதாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.