ஆணி அடிக்காமல் வந்த இன்டர்நெட்

எங்கள் கம்ப்யூட்டர் லேப்பின் கதவைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது சூடான பிளாஸ்டிக் வாசம்... அதன் பின்னாலேயே மன்னார் மீன் சந்தைப் பக்கமிருந்து காற்றோடு வரும் கருவாட்டு வாசம். ஏசி இருந்தது. ஓடாது.

செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது என் சட்டம். எங்கள் ஊரில் மணல் எங்கேதான் இல்லை? சோற்றிலும் கடிபடும். கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால் ஃபேன் கரகரவென்று அழத் தொடங்கிவிடும்.

நான் அப்போது அந்தச் சின்னக் கல்லூரியில் லேப் பொறுப்பாளர். வேலை தற்காலிகம். வாய் மட்டும் நிரந்தரம்.

அந்த வருடம் கல்லூரிக்கு நெட்வொர்க் அப்கிரேட் வந்தது. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து புது ரவுட்டர், புது சுவிட்ச் எல்லாம் பூட்டினார்கள்... கந்தோருக்கு, அலுவலக ஆட்களுக்கு! கல்லூரி அதிபர் மேசைக்கு ஒன்று, கணக்காளர் மேசைக்கு ஒன்று, ஆளே இருக்காத வரவேற்பு மேசைக்கும் ஒன்று. பிள்ளைகள் படிக்கும் லேப்புக்கு? "அடுத்த வருஷம் பாப்பம்."

சரி, பொறுத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் தலைமைக் கந்தோரிலிருந்து அடுத்த செய்தி வந்தது. டிப்ளோமா இறுதிப் பரீட்சை இனி ஆன்லைனில். லேப்பில் நெட்வொர்க் இல்லாத கல்லூரிப் பிள்ளைகள் வவுனியாவுக்குப் போய், அங்கே தங்கி எழுதவேண்டுமாம்.

சொல்லுகிறவர்களுக்கு என்ன... வகுப்பில் முக்கால்வாசி பெண்பிள்ளைகள். அதில் சரோஜா என்று ஒருத்தி, முருங்கன் பக்கமிருந்து பஸ்ஸில் வருவாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், தகப்பன் வயலில் கூலி வேலை. படிப்பில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. அடுத்த நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா வேணாங்கிறார் மிஸ். தெரியாத ஊர்ல பொம்பளப் புள்ள ராத்திரி தங்க வேணாம், படிச்சது போதும்ங்கிறார்."

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் அதே முகத்தோடு நின்றார்கள். எனக்கு வந்ததே கோபம்!

நேரே அதிபரிடம் போனேன். நல்ல மனிதர். பயந்த மனிதர்.

"சேர், லேப்புக்கு நாங்களே லைன் இழுப்பம்."

"விசரே பிள்ளை உமக்கு? மேலிடத்து அனுமதி இல்லாமல் சுவரில ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது!"

"ஓம் சேர். அடிக்கமாட்டம்."

அடிக்கவில்லை. கட்டினோம்.

கொழும்பு ஆட்கள் விட்டுப்போன கேபிள் அரைப் பெட்டி இருந்தது. கந்தோரில் கழற்றிய பழைய சுவிட்சுகளும் வயர்களும் ஸ்டோரில் தூசி பிடித்துக் கிடந்தன. உப்புக்குளத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள், கிழிந்த வலை பொத்தும் நைலோன் நூலை வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். கந்தோரிலிருந்து லேப் வரைக்கும் நடைபாதைக் கூரையின் மரச்சட்டங்களில் கேபிளை வைத்து இறுக்கிக் கட்டினோம். நான் ஏணியைப் பிடிக்க, மேலே ஏறியது சரோஜா. நிழலுக்கு ஒதுங்கிய இரண்டு கழுதைகள் ஏணியடியை விட்டுப் போகமாட்டோம் என்று நின்றன.

கேபிள் நுனியில் கனெக்டர் பொருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உள்ளே இருக்கும் வயர்களின் நிறம் மாறி மாறி... வெட்டி வெட்டி... கடைசியில் ஒரு கம்ப்யூட்டரில் பக்கம் திறந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் கழுதைகளே ஓடிவிட்டன.

"லேப் ரெடி, வந்து பாருங்கோ" என்று தலைமைக் கந்தோருக்கு நானே போன் எடுத்தேன்.

பரீட்சைப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வாசலிலேயே மறித்தேன்.

"சேர், சப்பாத்தைக் கழட்டுங்கோ."

முறைத்தார். கழற்றினார். வெறுங்காலோடு நிற்கும் அதிகாரியிடம் பேசுவது கொஞ்சம் லேசுதான், உண்மையைச் சொல்கிறேன்.

கூரையில் கட்டியிருந்த கேபிளை அண்ணாந்து பார்த்தவருக்கு முகம் கறுத்தது. "யாரு பெர்மிஷன் குடுத்தது? எல்லாத்தையும் கழட்டுங்க!"

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வேன் என்று மனதில் ஒரு பக்கம் ஓடியது. ஆனாலும் இந்த வாய் சும்மா இருக்குமா?

"கழட்டுறன் சேர். முதல்ல எல்லா மெஷினிலயும் சோதினைப் பக்கத்தைத் திறந்து பாருங்கோ. வேலை செய்யேல்லை எண்டு எழுதித் தாங்கோ, உடனே கழட்டுறன்."

ஒவ்வொரு கதிரையாக உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் திறந்தது. வேலை செய்கிறதை வேலை செய்யவில்லை என்று எழுத அவருக்கும் கை வரவில்லை. "இந்த முறை மட்டுந்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சரோஜா மன்னாரிலேயே பரீட்சை எழுதினாள். எல்லாருமே எழுதினார்கள். "இந்த முறை மட்டும்" என்றது அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நடந்தது.

இப்போது அதே கல்லூரியில் ஃபைபர், மூலைக்கு மூலை வைஃபை. வீடியோ ஒரு நொடி நின்று சுற்றினாலும் "என்ன மிஸ் இது" என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். நன்றாகச் சலித்துக்கொள்ளட்டும், அது அவர்களுடைய உரிமை. ஒரேயொரு பக்கம் திறந்ததற்கு வகுப்பே கூத்தாடிய அந்தச் சந்தோஷத்தைத்தான் எந்த ஸ்பீடிலும் காணவில்லை...

மேலிடத்துப் பழக்கம் மட்டும் மாறவில்லை. புதிதாக என்ன வந்தாலும் முதலில் பெரிய கல்லூரிகளுக்கு. "மன்னார்ப் பிள்ளைகள் வவுனியாவுக்குப் போய்ப் படிக்கட்டும்" என்று இன்றைக்கும் தலைமைக் கந்தோர்க் கூட்டங்களில் லேசாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த முதல் பரீட்சை முடிந்த அன்று மகளைக் கூட்டிப்போக சரோஜாவின் அப்பா வந்திருந்தார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, வாசலுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்:

"இங்கயே எழுதலாம்னா, எதுக்கு மிஸ் எங்க புள்ளைய அங்க போகச் சொன்னாங்க?"

இப்போது கூட்டத்துக்குக் கூட்டம் எழும்பி நின்று அதையேதான் கேட்கிறேன். "இருங்கோ மிஸ், இருந்து கதைப்பம்" என்று கதிரையைக் காட்டுவார்கள்.

பதில் வரட்டும். பிறகு உட்காருகிறேன்.