பம்பில கீறின மீன்வால்

நான் ஆரையும் லேசில நம்புற ஆள் இல்லை. தேத்தண்ணிக் கடைக்காரன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடச் சிரிச்சானெண்டா, சீனி போடேல்லைப் போல எண்டு முதல் கோப்பைக்குள்ள பாப்பன். இந்தப் புத்தியாலதான் ஒருக்கா மறியலில கம்பி எண்ணப் போகப் பாத்தனான். தப்பினதும் இதே புத்தியாலதான்.

அது பெரிய சண்டைக் காலம். யப்பான்காரன் திருகோணமலையில குண்டு போட்டிட்டுப் போனதுக்குப் பிறகு, நான் என்ர வள்ளத்தோட சீனக்குடாவுக்கு வேலைக்குப் போனனான். தண்ணியிலயே இறங்கித் தண்ணியிலயே எழும்புற பெரிய பிளேனுகள் அங்க மிதவையளில கட்டிக் கிடக்கும். விடியப் போய்க் கடலில நீர்மூழ்கி தேடிப்போட்டுப் பொழுதுபட வரும். ஒரு கரையில இங்கிலீசுக்காரர். மற்றக் கரையில யாவாத் தீவை யப்பான்காரனிட்டைப் பறிகுடுத்துப்போட்டு வந்த ஒல்லாந்துக்காரர். ரெண்டு பேரிட்டையும் இருந்தது ஒரே சாதிப் பிளேன். சாமான் கொண்டுவாற கப்பலுகள் குண்டு பட்டுப் பாதி வழியில கடலுக்கடியில தாண்டுபோற காலம். அதால மேலிடத்துப் பெரியவை கூடிக் கதைச்சு ஒரு ஒழுங்கு செய்திருந்தினம். உன்னட்டை இல்லாததை நான் தருவன், என்னட்டை இல்லாததை நீ தா. அந்தச் சாமானுகளைக் கரைக்குக் கரை ஏத்தி இறக்கிறது என்ர வேலை.

பெரியவைக்குச் சொல்லுறது சுகம். கீழ வேலை செய்தவங்களுக்கு ஒருத்தனை ஒருத்தன் கண்ணில காட்டேலாது. இங்கிலீசுக்காரச் சார்ஜண்ட் வள்ளம் கரை தட்ட முதலே சாமானைக் கண்ணால எண்ணிப்போடுவான். ஒல்லாந்து ஸ்டோர்க்காரன் பெட்டியை என்ர கையில தந்த பிறகும் விடாமப் பிடிச்சுக்கொண்டு நிப்பான். நான் தலையாட்டினாத்தான் விடுவான். நாங்கள் குடுத்தது புதுசு, அவங்கள் தந்தது தேஞ்சது எண்டு ரெண்டு பக்கமும் புறுபுறுப்பு. நடுத்தண்ணியில நான்.

நாளைக்கு ஒண்டு துலைஞ்சா ஆரின்ர தலையில விழும்? என்ர தலையிலதான் எண்டு எனக்குத் தெரியாதோ! எங்கட ஊர் சல்லியில கரைவலை கனபேருக்குப் பொது. ஆளாளுக்கு ஒவ்வொரு துண்டு வலை கொண்டுவந்து சேத்துக் கட்டுவம். காலம் முடிஞ்சு பிரிக்கேக்க சண்டை வராமல், மிதப்புக் கட்டையளில அந்தந்தக் குடும்பம் தன்ர குறியை வெட்டி வைச்சிருக்கும். எங்கட குறி மீன்வால். நானும் அதையே செய்தன். வள்ளத்தில ஏறின சாமான் ஒவ்வொண்டிலயும் ஒரு மூலையில ஆணியால சின்ன மீன்வால் கீறுவன். அதே சாமான் திரும்பி வந்தால் வாலுக்குக் கீழ ஒரு குறுக்குக் கோடு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வீட்டில என்ர மனுசிக்கு மட்டும் சொன்னனான்.

பிறகு ஒரு பம்பு துலைஞ்சுது. எஞ்சினுக்குப் பெற்றோல் இழுக்கிற பம்பு. இங்கிலீசுக்காரர் இரவல் குடுத்தது. திருப்பி அனுப்பிப்போட்டன் எண்டு ஒல்லாந்து ஸ்டோர்க்காரன் சொன்னான். வந்து சேரேல்லை எண்டு சார்ஜண்ட் சொன்னான். அண்டைக்கு எண்ணுறதுக்குச் சார்ஜண்ட் கரையில நிக்கேல்லை, ஆனா நான் கொண்டுவந்து வள்ளம் கட்டுற ஜெட்டியில வைச்சனான் எண்டு நான் சொன்னன். ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பாத்துப்போட்டு என்னைப் பாத்தாங்கள். அவங்கள் ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் விசயம் நான் கள்ளன் எண்டதுதான்.

வள்ளத்தைப் பிடிச்சுக் கட்டிப்போட்டு என்னை ஒரு அறைக்குள்ள பூட்டினாங்கள். அவங்கட பாசையைத் தமிழில மாத்திச் சொல்ல ஒரு கிளாக்கர் வந்தார், பட்டினத்துத் தமிழர். ஒல்லாந்து ஸ்டோர்க்காரனும் வந்து இருந்தான். சார்ஜண்ட் வேற ஒரு சாமானை மேசையில வைச்சு என்ர மீன்வாலைத் தொட்டுக் காட்டினான்.

"இது என்ன அடையாளம்? ஆருக்குக் காட்டக் கீறினீர்?" எண்டு கிளாக்கர் கேட்டார். "யப்பான்காரனுக்கு ஏதும் குடுத்தனீரோ? யோசிச்சுச் சொல்லும். இது தூக்கில கொண்டுபோய் விடுற விசயம்."

எனக்குக் கோவம் பயத்தை மிஞ்சிப்போச்சு. "ஓம் ஐயா, நான்தான் கீறினனான்," எண்டன். "உங்களில ஆரையும் நம்பாமத்தான் கீறினனான். இந்த ரெண்டு துரைமாரையும் எஞ்சினுகளைத் திறந்து பாக்கச் சொல்லுங்கோ. அந்தப் பம்பில மீன்வாலுக்குக் கீழ குறுக்குக் கோடு இருந்தா, நான் திருப்பிக் கொண்டுவந்து குடுத்தது."

கிளாக்கர் சொல்லி முடிக்க முதல் ஒல்லாந்துக்காரன் எழும்பிட்டான். உடன திறக்க வேணுமாம், எல்லாப் பிளேனையும். என்னில இரக்கப்பட்டெண்டு நான் நினைக்கேல்லை. இங்கிலீசுக்காரன்ர எஞ்சினுக்குள்ள தன்ர சாமான் என்னென்ன கிடக்குதெண்டு பாக்க அவனுக்கு நெடுநாள் ஆசை. முதல் உன்ரையைத் திற எண்டு சார்ஜண்ட் நிண்டான். கடைசியில ரெண்டு பக்கமும் திறந்தாங்கள்.

பம்பு இங்கிலீசுக்காரன்ர பிளேன் எஞ்சினிலயே பொருத்திப் பூட்டிக் கிடந்தது. மீன்வால், கீழ குறுக்குக் கோடு. பிளேன் அவசரமாப் போக வேண்டியிருந்ததால, அவங்கட மெக்கானிக் ஒருத்தன் ஸ்டோருக்குப் போக விடாமல் ஜெட்டியில இருந்தே அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். சார்ஜண்ட் வள்ளத்துக் கயித்தை அவிட்டு என்ர பக்கம் எறிஞ்சான். தன்ர பிழை எண்டு ஒரு சொல் வரேல்லை. வராதெண்டு எனக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போகேக்க நெஞ்சு நிமித்தித்தான் போனனான். எங்கட குறிதான் என்னை வெளியில விட்டதெண்டு மனுசிக்குச் சொல்லவேணும் எண்டு வழி முழுக்க ஆசை. வீட்டு வாசல் முத்தத்தில எங்கட வலை விரிஞ்சு கிடந்தது. மிதப்புக் கட்டை எல்லாம் புதுமரம் மாதிரி வெள்ளையாக் கிடந்தது. மீன்வால் ஒண்டும் இல்லை.

"குறியாலதான் பிடிச்சவங்கள் எண்டு ஊரெல்லாம் கதை," எண்டா மனுசி. அவவின்ர கை கொப்பளமும் காயமுமாக் கிடந்தது. "இங்க தேடி வந்தாங்களெண்டா எண்டு பயந்து எல்லாக் குறியையும் சீவி, சீவலை எரிச்சுப்போட்டன்."

நடந்ததைச் சொன்னன். மனுசி கேட்டு முடிய, வாசல் படலைப் பக்கம் ஒருக்காப் பாத்துப்போட்டு, எனக்குக் கிட்ட வந்து இருந்தா.

"இப்ப இங்க ஒருத்தரும் இல்லை. எனக்கு மட்டும் சொல்லுங்கோ. எடுத்தனீங்களோ?"

சார்ஜண்ட் கேக்கேக்க வந்த கோவம் எனக்கு வரேல்லை. அழுகைதான் வந்தது. இல்லை எண்டன். ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுச் சோறு போடக் குசினிக்குப் போனா. நம்பித்தான் தலையாட்டினவவோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.