நூல் சுற்றிய பெயாரிங்

மருதமுனையில் ஸாலிஹாவைக் கோபக்காரி என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பெயரை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் அவளுடைய புருசன் மசூர். தறி திருத்துவது அவன் தொழில். யாரையாவது ஏசாமல் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டான். ஆனால் தொண்ணூற்றுமூன்றில், நோன்புக்கு முந்திய மாதம் ஸாலிஹாவுக்கு வந்த கோபத்தின் முன்னால் அவனுடையதெல்லாம் தூசு.

யுத்தத்தில் அறுந்த கரண்ட் கம்பி அவர்களுடைய ஒழுங்கைச் சந்துக்கு மட்டும் திரும்பி வரவேயில்லை. மின்சார சபைக்குக் கேட்டு நடந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். முந்திய வருடம் போத்தல் விளக்குக் கவிழ்ந்து அவள் நெய்யும் தறியில் கிடந்த பாவு நூல் எரிந்தது. அணைக்கப் போன ஸாலிஹாவின் கை முழங்கைமட்டும் வெந்தது. அன்றிலிருந்து மண்ணெண்ணெய் விளக்கைத் தறிக்குக் கிட்ட வைக்க அவள் சம்மதிக்கவில்லை. பொழுது பட்டால் தறியும் படுத்துவிடும். பெருநாளைக்கு உடுக்கும் சாரன் ஓடர் கைநழுவிப் போகும்போல் இருந்தது.

"கரண்ட நானே செய்யிறன்" என்றான் மசூர்.

உடைந்த ஸ்பீக்கர்களின் காந்தங்களைக் கழற்றி வட்டத் தகடொன்றில் ஒட்டினான். அதற்கு எதிரே செம்புக் கம்பிச் சுருள்களை நிறுத்தினான். தகட்டின் அச்சு, இரண்டு மரக்கட்டைகளில் பதித்த பெயாரிங்குகளில் சுழல வேண்டும். சைக்கிளை மிதித்தால் ஒரு பட்டி அதை இழுக்கும். பெயாரிங்குகளைக் கல்முனையில் அலைந்து வாங்கி வந்தவன், ஸாலிஹா காக்கா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன் றஸ்மி.

முதல் நாள் றஸ்மி மிதிக்க, பல்ப் எரிந்தது. ஸாலிஹா நெய்யத் தொடங்கினாள். அரைச் சாரன் முடிவதற்குள் அச்சு ஆடி, காந்தம் சுருளில் உரசி, கம்பி தீய்ந்து நாறியது. மசூர் கட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைக்கிளை விட்டு இறங்கிய மச்சான் மேல் பாய்ந்தான்.

"கழிச்சுப் போட்ட பெயாரிங்க என்ட தலையில கட்டிட்டாய். இனி என்ட வாசல மிதிக்காத."

ஒழுங்கைச் சனமெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. றஸ்மி வேலிப் படலையைச் சாத்திவிட்டுப் போனான்.

என்ட வாசலாம். ஸாலிஹாவுக்கு அந்தச் சொல்தான் பொறுக்கவில்லை. யாருடைய வாசல்? இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவன். வாப்பா மவுத்தாகி அடக்கிய பிறகு அந்த வீட்டை எழுப்பியவன் றஸ்மி. பாலமுனையில் கரைவலை இழுத்து, தங்கச்சிக்கு வீடு முடியும்வரை தான் கலியாணம் முடிக்காமல் கிடந்தவன். அவன் சுமந்த கல்லுக்குள் குந்திக்கொண்டு அவனையே வெளியே போ என்பதா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது வேறென்ன?

மறுநாள் மசூர் வெளியே போனதும் அவளே கட்டையைக் கழற்றினாள். பெயாரிங்கைச் சுற்றிவர நசுங்கிய நீல நூல் கிடந்தது. அவளுடைய கழிவு நூல்தான். தறியில் உருளை தொளதொளத்தால் நூல் சுற்றி இறுக்குவது அந்த ஊர் வழக்கம். கையாலும் காலாலும் அசையும் தறிக்கு அது போதும். வேகமாய்ச் சுழலும் அச்சுக்கு எப்படிப் போதும்? ஓட்டையைப் பெரிதாகத் துளைத்தவன் அதை நூலால் அடைத்துவிட்டுப் பழியை மச்சான்மேல் போட்டிருக்கிறான்.

மத்தியானம் அவனுடைய சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் அந்த நூலை வைத்தாள்.

"இத யாரு சுத்தின?"

மசூர் கோப்பையைத் தள்ளி வைத்தான். அரைவயிற்றோடு எழுந்து போய், புதிய முதிரை மரக்கட்டையில் அளவாகத் துளையிட்டான். பெயாரிங்கின் வெளிவளையத்தில் குழாய்த் துண்டை வைத்து, சுற்றிவர மெல்லத் தட்டி இறக்கினான். புதிய சுருளும் சுற்றினான். பெயாரிங் அதேதான். பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு மிதித்தபோது பல்ப் கண் சிமிட்டாமல் எரிந்தது.

"வந்து குந்து" என்றான், ஒன்றும் நடக்காதவன்போல.

"என்ட காக்கா இந்த வீட்டுக்குள்ள வந்த பொறகுதான் நான் தறியில குந்துவன். போய்க் கூட்டி வாங்க."

"நான் போறதா?"

"நீங்கதானே விரட்டின."

சைக்கிள் மெஷினோடு கட்டுண்டு கிடந்தது. மசூர் முணுமுணுத்துக்கொண்டே, றஸ்மி இருந்த பக்கத்து ஒழுங்கைக்கு நடந்து போனான்.

இஷாத் தொழுகைக்கு முன் இருவரும் வந்தார்கள். றஸ்மி படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். வேலிக்கு மேலால் மறுபடியும் தலைகள் தெரிந்தன. மசூர் நிலத்தைப் பார்த்தபடி வாய்க்குள் சொன்னான்.

"பெயாரிங்ல பிழையில்ல, மச்சான். நான்தான் நூல் சுத்தின."

ஸாலிஹா வாசலுக்கு வந்து நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. நேத்து நீங்க ஏசின ஒழுங்கைக்கே கேட்டிச்சி."