மூன்றாம் தட்டில் ஒரு ஜோடிச் சப்பாத்து

எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் சப்பாத்து அடுக்கின் மூன்றாம் தட்டில், இந்த வீட்டில் யாருக்கும் சேராத ஒரு ஜோடி இருக்கிறது. கறுப்புத் தோல், விரல் பக்கம் உள்ளே இரும்பு வைத்தது, கணுக்காலுக்கு மேல்வரை நாடா. காலுறைகள் சுருட்டி உள்ளேயே செருகப்பட்டிருக்கின்றன. என் கணவரின் கால் அளவு எட்டு, இது பத்து. எனக்குப் பிறந்தவர்கள் இருவரும் பெண்கள். வீட்டுக்கு வருகிறவர்கள், "யாரோடது டீச்சர் இது, இவ்ளோ பெருசா?" என்று கேட்கும்போதெல்லாம், "சோலார் போட வந்தவர் விட்டுட்டுப் போயிட்டாரு" என்றே ஐந்து வருடமாகச் சொல்லி வந்தேன். அது பொய் இல்லை. பாதிப் பதிலைச் சொல்லி மீதியை விழுங்குவது எனக்குப் பழகிப் போயிருந்தது.

தம்போயில் எங்களுடையது மாடியில்லாத வரிசை வீடு. நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் என் கணவருக்குச் சோலார் ஆசை வந்தது. அவருக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை; விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிவிடுவார். "நீ பகல் முழுக்க ஏர்கோன் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கப் போற, இனிமே கரண்டு பில்ல சூரியன்தான் கட்டணும்" என்று கிண்டல் செய்தார். மூன்று கம்பெனிகளை வரச் சொன்னோம். முதலில் வந்தவர் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கைப்பேசியில் விரித்து, பன்னிரண்டு பேனல் என்று சொல்லி, மைலோவைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். இரண்டாவது கம்பெனி, அந்த வாரமே கையெழுத்துப் போட்டால் எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் அடுப்பு இலவசம் என்றது. அந்த அடுப்புக்காகவே என் கணவர் கையெழுத்துப் போட்டிருப்பார். நான்தான் பேனாவைப் பிடுங்கி வைத்தேன்.

மூன்றாவதாக வந்தவரை நாங்கள் சோலார் அண்ணன் என்று அழைத்தோம். லாபிஸ் ஊர்க்காரர், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர், மாசாயில் குடும்பத்தோடு இருந்தார். கம்பெனியின் கூரை வேலைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். தண்ணீர்கூடக் குடிக்காமல் முதலில் ஏணியைச் சாய்த்தார். சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாக ஏறினார். அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்தவர், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையில் ஒரு மூலையில் விழுகிறது, பன்னிரண்டு வேண்டாம், ஒன்பது போதும் என்றார். பின்பக்க ஓட்டில் பாசி பிடித்திருக்கிறது, பார்த்துத்தான் ஏற வேண்டும் என்றும் சொன்னார். "மழை பெஞ்சா வேலை செய்ய மாட்டேன் டீச்சர், ரெண்டு நாள் லேட்டானா கோச்சுக்காதீங்க. பதினோரு வருஷமா கூரை ஏறுறேன். நானும் விழுந்ததில்ல, என் ஆளுங்க ஒருத்தரும் விழுந்ததில்ல." இதைச் சொல்லும்போது, முழு மதிப்பெண் வாங்கிய தாளை நீட்டும் பிள்ளையின் முகம் அவருக்கு வந்தது. அந்தப் பேச்சுக்காகத்தான் நான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

வேலை தொடங்கியது ஒரு புரட்டாசி வெள்ளிக்கிழமை. சோலார் அண்ணனோடு வந்த இருவரும் வங்காளதேசத்துக்காரர்கள். அவர்களோடு மலாயில் பேசிக்கொண்டார். எங்கள் சாமி அறை வீட்டின் பின்பக்கம், கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. அன்று மாலை விளக்கேற்றப் போனபோது, தலைக்கு மேலே தட் தட்டென்று சப்பாத்துச் சத்தம். சீலிங் பலகை இடுக்கிலிருந்து தூசி உதிர்ந்து பெருமாள் படத்தின் மேலும் குங்குமச் சிமிழிலும் விழுந்தது. துடைத்துவிட்டுக் கும்பிட்டால் மறுபடி சத்தம், மறுபடி தூசி. எனக்கு மனசே ஆறவில்லை. மறுநாள் புரட்டாசிச் சனி, விரதம் வேறு. சாமி தலைக்கு மேல் சப்பாத்தோடு நடக்கிறார்களே என்று கணவரிடம் புலம்பினேன். "பின்ன பறந்துகிட்டா வேலை செய்வாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

சனிக்கிழமை கணவருக்கு வேலை இருந்தது, கிளம்பிவிட்டார். விடியலில் தூறல் போட்டு நின்றிருந்தது. சோலார் அண்ணன் பத்து மணிவரை எங்கள் வாசலில் உட்கார்ந்து ஓடு காய்வதற்காகக் காத்திருந்தார். பிறகு எழுந்து ஏணியில் கை வைத்தபோது நான் போய் நின்றேன்.

"அண்ணே, சாமி ரூமுக்கு மேல போறப்ப மட்டும் சப்பாத்தக் கழட்டிக்கிறீங்களா? இன்னிக்கு சனிக்கிழமை வேற."

அவர் சிரித்தார். "சப்பாத்து இல்லாம ஏறக் கூடாது டீச்சர். கம்பெனி சட்டம்."

"அந்த ஒரு இடத்துக்குத்தான் லா. உங்க வீட்லயும் சாமி இருக்கும்ல?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் இன்றுவரை என்னைச் சுடுகிறது. மறுக்க முடியாதபடி கேட்கத் தெரிந்தவள் நான். முப்பது வருடம் பிள்ளைகளிடம் அப்படித்தான் வேலை வாங்கினேன். அவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி டீச்சர். மேல கழட்டினா வைக்க இடமில்ல, இங்கேயே வெச்சிட்டுப் போறேன்" என்றார். படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்து, காலுறையைச் சுருட்டி உள்ளே செருகி, அடுக்கின் மூன்றாம் தட்டில் ஓரமாக வைத்தார். வங்காளதேசத்துக்காரர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது. நான் கேட்டது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கூரையில் வேலை செய்கிறவர்கள் இடுப்பில் கயிறு மாட்டிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். மாலையில் அவிழ்த்த கயிற்றை மறுநாள் உச்சியில் மறுபடி கட்டுவதற்காக முதலில் ஏறுகிறவருக்குக் கயிறு கிடையாது என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த வேலையை அவர் ஒருநாளும் தன் ஆட்களிடம் விட்டதில்லையாம். நான் உள்ளே துளசி மாலை கட்டிக்கொண்டிருந்தேன். மேலே ஏதோ சரசரத்தது, அடுத்த நொடி பின்பக்கச் சிமெண்டுத் தரையில் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் வலது குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கால் பூராவும் பச்சைப் பாசி. "ஒண்ணுமில்ல டீச்சர், ஒண்ணுமில்ல" என்றார். உதடு வெளுத்திருந்தது.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது, இனிக் கூரை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்தேன். அவரே பேசினார்.

"கம்பெனிலேர்ந்து உங்ககிட்ட விசாரிக்க வருவாங்க டீச்சர். சப்பாத்த ஏன் கழட்டினேன்னு என்னைக் கேட்டாங்க, நான் ஒண்ணும் சொல்லல. நான் சொன்னா சாக்கு சொல்றேன்னு நினைப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். கால் போனது போகட்டும், கவனமில்லாம ஏறினேன்னு மட்டும் எழுதிடக் கூடாது."

"கண்டிப்பா சொல்றேன் அண்ணே" என்றேன். சொல்லிவிடுவேன் என்றுதான் நானும் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் விசாரணைப் படிவத்தோடு வந்தார். என் கணவரும் பக்கத்தில் இருந்தார். அதிகாரி மலாயில் கேட்டார். நானும் மலாயில் பதில் சொன்னேன். வெறுங்காலோடு ஏறினாரா? ஆமாம். ஏன் சப்பாத்தைக் கழற்றினார் என்று தெரியுமா, வீட்டில் யாராவது சொன்னீர்களா? பேனா காகிதத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது. என் கணவர் மிகச் சாதாரணமாக என் பக்கம் திரும்பினார். "தெரியாது" என்றேன்.

வழக்கு வந்துவிடுமோ, பாதிக் கூரையோடு வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்றெல்லாம் பயந்ததாகப் பிறகு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. எனக்கு வெட்கமாக இருந்தது. தெரு முழுக்க டீச்சர் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். படித்தவள் சாமி பேரைச் சொல்லி ஒரு ஆளை விழ வைத்துவிட்டாள் என்று பேசுவார்களே என்ற வெட்கம். வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால், "யார் செஞ்சது, எழுந்து நின்னு சொல்லு, அடிக்க மாட்டேன்" என்பேன். எட்டு வயதுப் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே எழுந்து நிற்பார்கள். எனக்கு அந்த அளவு துணிச்சல்கூட இல்லை.

வேறு ஒரு குழு வந்து மிச்ச வேலையை முடித்தது. ஊழியரின் கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள் என்றும், சோலார் அண்ணனை ஸ்டோரில் ஆணி எண்ண உட்கார வைத்திருக்கிறார்கள் என்றும் அவர்கள்தான் சொன்னார்கள். சில மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மருத்துவமனைக்கு நான் மறுபடி போகவில்லை. ஒன்பது பேனலும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன. பில் குறைந்ததைப் பார்த்து என் கணவர் ஒவ்வொரு மாதமும் சந்தோஷப்படுவார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இந்த வருடம் புரட்டாசி பிறந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு மாசாய்க்குப் போனேன். கால் முடியாததால் அடுக்குமாடியில் கீழ்த்தளத்து வீட்டுக்கு மாறியிருந்தார்கள். சோலார் அண்ணன் வீட்டில் இல்லை, ஒரு தொழிற்சாலை கேட்டில் ஜாகா வேலை, காவல் காப்பது, பகல் முறை. அவர் மனைவி உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். பையிலிருந்து சப்பாத்தை எடுத்ததும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் போட்டிருந்தா விழுந்திருக்க மாட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க டீச்சர். ஏன் கழட்டினீங்கன்னு எத்தனை தடவ கேட்டிருப்பேன். மறந்துட்டேன்னே சொல்றாரு. உங்களுக்காவது தெரியுமா?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சொன்னேன். புரட்டாசிச் சனி, சாமி அறை, நான் கேட்ட விதம், அதிகாரியிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அஞ்சு வருஷமா உங்க அலட்சியந்தான், உங்க அலட்சியந்தான்னு அவரப் போட்டுத் திட்டிக்கிட்டு இருக்கேன் டீச்சர்" என்றார். பிறகு சப்பாத்தைப் பையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். "இது இனிமே அவரு கால்ல ஏறாது. வலது பக்கம் வீக்கம் வத்தவே இல்ல. நீங்களே எடுத்துட்டுப் போங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து கணவரிடமும் சொன்னேன். அவர் வாசலுக்குப் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தார். நடந்ததைச் சொல்லிக் கம்பெனிக்கு நான் எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது, அந்த முகவரியில் இப்போது டயர்க் கடை இருக்கிறதாம். அந்த அறிக்கையைத் திருத்த இனி ஆள் இல்லை. சோலார் அண்ணன் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றுதான் சொல்வார். அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சப்பாத்து மூன்றாம் தட்டில் பழைய இடத்தில் இருக்கிறது. போன வாரம் பலகாரம் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "யாரோடது டீச்சர் இது?" என்று கேட்டாள்.

"சோலார் போட வந்தவரோடது" என்றேன். "நான்தான் கழட்டச் சொன்னேன்."